ஆறாவது மெஷினின் கீ

ஏப்ரல் 21, 2014, திங்கள்

இந்த நோட்டில் எழுதப்போவது:

1. என்ன வேலை, ஏன்.
2. சிடிகள் எத்தனை, என்ன வகை.
3. கீ காணாமல் போனதன் காரணம்: பூபதி எதையும் எழுதி வைக்கும் பழக்கம் இல்லாதவன்.
4. எந்த சிடிக்கு எந்தக் கீ: சோதனை முடிவுகள்.
5. கிடைக்காதவை இருந்தால் அடுத்து என்ன.

இப்படி வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்குக் கை ஓடாது. வரிசை சரிதானா என்பது வேறு விஷயம்.

முதலாவது. என் மகன் பூபதி இறந்து இன்றோடு நாற்பத்தாறு நாள். கோவை ரோட்டில் அவன் நடத்திய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை இப்போது மருமகள் வளர்மதி நடத்துகிறாள். டிப்ளமோ படித்தவள், வேலை தெரியும். கடைக்குப் பெரிய வாடிக்கை ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனம். மெத்தை விரிப்பு, மேஜை விரிப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். அங்கே பதினான்கு கம்ப்யூட்டர்கள். எட்டு, கம்பெனியிலிருந்து முழுதாக வந்தவை. அவற்றில் சிக்கல் இல்லை. ஆறு, பூபதி பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தவை. மே 5 அன்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் ஆட்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள ஓஎஸ், அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருள், முறைப்படி வாங்கியதுதானா என்று பார்ப்பார்களாம். சிடியும் அதற்குரிய கீயும், அதாவது லைசென்ஸ் எண்ணும், ஜோடியாக எடுத்து வைக்க வேண்டும்.

இதற்கிடையில் சனிக்கிழமை டெஸ்பாட்ச் பிரிவின் மெஷினில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அதுவும் அந்த ஆறில் ஒன்று. மேனேஜர் சென்னியப்பன் போன் செய்தார். வளர்மதி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்க்ரூ திருகிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ஒரு ஓஎஸ் போடறதுக்கு மூணு நாளுங்களா? உங்க வீட்டுக்காரரு இருந்தப்ப ஒரு மணி நேரத்துல போட்டுட்டு, டீயும் குடிச்சுட்டுப் போயிருவாரு.”

“சிடி இருக்குதுங்க சார். கீயத்தான் தேடிட்டு இருக்கறோம்.”

“கீ இல்லீன்னா அதுக்குப் பேரு டூப்ளிகேட்டுங்கொ.”

போனை வைத்துவிட்டு வளர்மதி என்னைப் பார்த்தாள். “மாமா, நீங்க லைப்ரரியில இருந்தவங்க. எதுக்கு எதுன்னு சேத்துக் குடுத்தீங்கன்னாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“சரி அம்மிணி” என்றேன். யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டாவது. சிடிகள் மொத்தம் முப்பத்தொன்று. ஜிப் வைத்த கறுப்புப் பையில், வருடவாரியாக, வருடத்துக்குள் அகர வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவட்டத்திலும் மார்க்கரால் எண். இதைச் செய்தவன் நான். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் செய்தேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. கடையிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகளை எடுத்து வந்து மாடி அறையில் வைத்துக்கொண்டேன். சிடிகள் தாறுமாறாக, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறையில், சிலது கிழிந்து, சிலது கசங்கிக் கிடந்தன.

கல்லூரி நூலகத்தில் புதுப் புத்தகம் வந்ததும் முதல் வேலை மேலுறையைக் கழற்றுவது. மேலுறை கிழியும், பூச்சி பிடிக்கும், இடத்தை அடைக்கும். புத்தகத்துக்கு முத்திரை, எண், அலமாரி. முப்பத்துநான்கு வருடம் அப்படித்தான். சிடிகளையும் அப்படியே செய்தேன். மூன்று பெட்டி ஒரு பையாகச் சுருங்கியது. இந்தக் கடையில் ஒழுங்காக இருப்பது அந்தப் பை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஓஎஸ் வகைகளை வளர்மதி விளக்கினாள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு வகை, அலுவலகத்துக்கு ஒரு வகை, பழைய எக்ஸ்பி, புதிய செவன். ஒரு வகைக்குரிய கீயை இன்னொரு வகை சிடி ஏற்காது. கீ என்பது இருபத்தைந்து எழுத்தும் எண்ணும் கலந்தது. ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது.

பூபதியின் கடை நோட்டைப் பார்த்தேன். ‘மணி அண்ணன், பிரிண்டர், மை.’ ‘செவ்வாய் வர்றேன்னு சொல்லு.’ இப்படித்தான் பக்கம் பக்கமாக. கீ ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்திலேயே அவன் நோட்டு அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 23, புதன்

பழைய மெஷின் ஒன்றில் சிடிகளைப் போட்டு, எது ஓடுகிறது, எந்த வகை என்று சோதனை தொடக்கம். ஒரு சிடிக்கு முக்கால் மணி. மூன்று முடிந்தது. கடுகு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

தேர்தல். காலை ஏழரைக்குப் போனேன். வளர்மதி வரவில்லை. பட்டியலில் என் பெயருக்கு அடுத்து பூபதி பெயர் இருந்தது. வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்தவர், “பையன் வரலீங்களா?” என்றார். “வரலீங்க” என்றேன். “சாயங்காலம் கூட்டம் கம்மியா இருக்கும், வரச் சொல்லுங்க” என்றார். சரி என்றேன்.

விரலில் மை. பிற்பகல் இரண்டு சிடி சோதித்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

வளர்மதியுடன் நிறுவனத்துக்குப் போனேன். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குள்ளிருந்து கீயைப் படித்துச் சொல்லும் சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறது. அதை வைத்து ஐந்து மெஷின்களின் கீயையும் எடுத்தாள். ஐந்தும் முறையானவை. செத்துப்போன ஆறாவதில் படிக்க ஒன்றும் இல்லை.

அவள் கணக்குப் பிரிவில் இருந்தபோது நான் டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். எங்கும் பஞ்சுத்தூசு. கம்ப்யூட்டர்களின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். ஆறாவது மெஷினில் வேலை பார்க்கும் மரகதம் என்ற அம்மாள், பெட்டிகளுக்கு ஒட்டும் விலாசச் சீட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் யார் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“பூபதி சாரோட அப்பாங்களா? மூஞ்சி அப்படியே இருக்குதுங்க. கீ கெடைக்கலீன்னு மேனேஜர் குதிச்சுட்டுக் கெடக்கறாரு. அது கவர்ல இருக்குமேங்க.”

“எந்தக் கவருங்க?”

“சிடி போட்டு வெச்சிருந்த அட்டக் கவருதானுங்க. கீ அதுலதான ஒட்டியிருக்கும். கம்ப்யூட்டர் மேல ஒட்டலீங்களான்னு கேட்டேன். ‘உங்க கிட்ட ஒட்டுனா தெனமும் ஈரத்துணியப் போட்டுத் தேச்சு ஒரே மாசத்துல அழிச்சுருவீங்கக்கா, அது எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்’னு சிரிச்சாருங்க. கவருக்குப் பின்னால பச்சப் பேனாவுல ‘மரகதம் அக்கா மெஷின்’னு எழுதி எனக்குக் காட்டுனாரு. ஒவ்வொண்ணுலயும் அப்படி ஆள் பேரு எழுதி வெச்சிருப்பாருங்க. கவரப் பாருங்க, கெடைக்கும்.”

“பார்க்கிறேன்” என்றேன்.

வளர்மதி வந்தாள். ஸ்கூட்டரில் ஏறினேன். இதைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 26, சனி

தண்ணீர் வந்தது. தொட்டியைக் கழுவிவிட்டேன். துணி உலர்த்தினேன். ஆறு சிடி சோதித்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் நடந்துவிட்டு வரும் வழியில் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். மார்ச் 23 அன்று எங்கள் வீட்டிலிருந்து எடுத்த செய்தித்தாளும் அட்டையும் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் காயிதக் கம்பெனிக்குப் போயி ஒரு மாசம் ஆச்சுங்கய்யா. ஏனுங்க, பத்திரம் கித்திரம் சேந்து வந்துருச்சுங்களா?”

“இல்லைங்க. சும்மா கேட்டேன்.”

“போன வருசம் ஒருத்தரு நெலப் பத்திரத்தையே போட்டுட்டாருங்க. நாங்களே எடுத்துக் குடுத்தோம். உங்களுது இருந்துருந்தாலும் குடுத்துருப்போம்.”

மூலையில் இருந்த சாக்குகள் நேற்று வந்தவை என்றார். தெரிந்தும் ஒரு சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். கல்யாணப் பத்திரிகைகள், பரீட்சைத் தாள்கள், மாத்திரை அட்டைப்பெட்டிகள். மறுபடியும் கட்டி வைத்தேன்.

கை ஏன் கறுப்பாக இருக்கிறது என்று வளர்மதி கேட்டாள். பேப்பர் படித்தேன் என்று சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சாப்பிட உட்கார்ந்தபோது வளர்மதி பேசினாள். பூபதி போன பிறகு அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது இன்றுதான்.

“ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சிருக்கலாமில்லீங்க மாமா? எனக்காச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எல்லாத்தையும் அவரு மண்டைக்குள்ளயே வெச்சுக்கிட்டு, அதோட போயிட்டாரு. அந்த ஆளு டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டுங்கறான். நான் என்னன்னு சொல்றது?”

“அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை அம்மிணி.”

“நானும் அப்படித்தான் இருந்தேன். இப்பத் தெரியலீங்க. அன்னைக்கு அவசரமா இருந்திருக்கும். கைல இருந்தத எதையாச்சும் போட்டு ஓட்டிவிட்டிருப்பாரு. இவருக்குத்தான் எல்லாம் விளையாட்டாச்சே.”

“அவன் எழுதி” என்று தொடங்கினேன். குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போனாள். திரும்பி வந்து ரசம் ஊற்றும்போது, “என்னமோ சொல்ல வந்தீங்களே” என்றாள்.

“ஒன்றுமில்லை. உப்பு சரியாக இருக்கிறது” என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

நான்காவது. சோதனை முடிந்தது. முப்பத்தொன்றில் பதினொன்று எக்ஸ்பி. மூன்று கீறல் விழுந்து ஓடவில்லை. மீதிப் பதினேழில் வீட்டு வகை ஏழு, அலுவலக வகை பத்து. எடுத்த ஐந்து கீகளும் அலுவலக வகைச் சிடிகளில் ஏற்றன. ஐந்து ஜோடிகளையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, மெஷின் எண், சிடி எண், கீ மூன்றையும் எழுதி ஒட்டினேன். எழுத்து தெளிவாக இருக்கிறது. ஓ எது, பூஜ்யம் எது என்று குழப்பம் வராமல் பூஜ்யத்தின் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.

ஆறாவது உறை காலியாக இருக்கிறது.

மே 1, வியாழன்

விடுமுறை. வளர்மதி படுத்தே இருந்தாள். நான் உப்புமா செய்தேன். ரத்த அழுத்த மாத்திரை வாங்கினேன்.

மே 2, வெள்ளி

சென்னியப்பன் கடைக்கே வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. வளர்மதி ஐந்து உறைகளையும், மொத்த விற்பனைக் கடையில் பூபதி லைசென்ஸ் வாங்கிய பில்லையும் காட்டினாள்.

“பில்லுல பத்துன்னு இருக்குது, செரி. பத்தையும் ஊரெல்லாம் போட்டிருப்பாரு. எங்க ஆறுக்கும் அதுலருந்துதான் போட்டாருன்னு எதுல எழுதியிருக்குது?”

“அஞ்சு கீ செரியா இருக்குதுங்களே சார்.”

“அப்ப ஆறாவது?”

வளர்மதி தரையைப் பார்த்தாள். நான் கறுப்புப் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவசரத்துல போட்டிருப்பாருங்க சார்” என்றாள்.

“இதத்தான் நான் மொதல்லருந்தே சொல்றனுங்க. செத்தவரப் பத்திக் கொறச்சலாப் பேசறதுக்கு எனக்கும் ஆச இல்லீங்க. ஆனா ஆடிட்டுக்கு வர்றவங்க கம்பெனிதான் திருட்டு சாஃப்ட்வேர் போட்டுருச்சுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. புதுசு வாங்கிப் போட்டாலும் இத்தன நாளு எத வெச்சு ஓட்டுனீங்கன்னு கேப்பாங்க. ஆர்டரே போயிரும். அதனால நீங்க ஒரு லெட்டர் குடுத்துருங்க. லைசென்ஸ் இல்லாத ஓஎஸ்ஸ எங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுக்காரருதான் போட்டாருன்னு. இங்கிலீஷ்ல. கையெழுத்தோட. லெட்டர் வந்துட்டா சர்வீஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வேற ஆளப் பாக்கல.”

“செரிங்க சார்” என்றாள்.

என் நோட்டின் ஐந்தாவது தலைப்புக்கு இதுதான் விடை என்று எடுத்துக்கொள்ளலாமா? தெரியவில்லை.

மே 3, சனி

வளர்மதி கடிதத்தை டைப் செய்து பிரிண்ட் எடுத்து வந்தாள். “இங்கிலீஷ் செரியா இருக்குதான்னு பாத்துக் குடுங்க மாமா.”

ஆறு வரி. ‘என் மறைந்த கணவர் திரு. பூபதி’ என்று தொடங்கி, அவன் என்ன செய்தான் என்று அடுத்த வரி சொல்கிறது. அதில் உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாமல் என்பது இரண்டு முறை வருகிறது. ஒன்றை எடுத்துவிடலாம் என்று குறித்தேன். ஓரிடத்தில் முற்றுப்புள்ளி இல்லை. போட்டேன். தேதியை எழுதும் முறையை மாற்றினேன். பொருளில் கை வைக்கவில்லை.

சிவப்புப் பேனாவால் திருத்தியிருக்கிறேன் என்பதைக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். அவள் திருத்தியபடி மறுபடியும் பிரிண்ட் எடுத்தாள்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். நல்ல வெயில். மோர் வாங்கி வைத்தேன். இரண்டு முறை சமையலறை வாசல் வரை போய்த் திரும்பினேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மே 5, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்தவர் முப்பது வயதுப் பெண், சென்னைக்காரர். எட்டு மெஷின்களைப் பார்த்தார். பிறகு என் உறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மெஷினோடு ஒப்பிட்டார். “இத யார் அரேஞ்ச் பண்ணினது? ரொம்ப நீட்டா இருக்கு” என்றார். வளர்மதி என்னைக் காட்டினாள்.

“ஆறாவது?” என்றார்.

சென்னியப்பன் வளர்மதியிடம் கையை நீட்டினார். அவள் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள்.

“அந்தக் கடிதம் வேண்டாம்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்று பேரும் திரும்பினார்கள்.

“அவன் லைசென்ஸ் வாங்கித்தான் போட்டான். கீ கவரில் இருந்தது. எந்த மெஷினுக்கு என்று கவருக்குப் பின்னால் எழுதியும் வைத்திருந்தான். கவர்களைக் கழற்றிப் பழைய பேப்பருக்குப் போட்டவன் நான்.”

சென்னியப்பன் நீட்டிய கையை இறக்கினார். “ஏனுங்கய்யா, படிச்சவங்கதானுங்க நீங்க? மாத்திரைய வீசிட்டு டப்பாவ அடுக்கி வெச்சுட்டீங்களே. இத நான் கடைக்கு வந்தன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?”



“கவர்ல எழுதியிருந்ததுன்னு எப்படி சொல்றீங்க சார்?” என்று அந்தப் பெண் கேட்டார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கும் மரகதத்தைக் கூப்பிடச் சொன்னேன். அவர் பசை ஒட்டிய கையோடு வந்தார். “ஆமாங்க மேடம், பச்சப் பேனாவுல எம் பேரு எழுதுனாரு, நானே பாத்தேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அன்னைக்கே சொன்னனேங்கய்யா, கவர் கெடைக்கலீங்களா?” என்றார். வளர்மதி அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பெண் மடிக்கணினியில் ஏதோ தட்டினார். ஆறாவது மெஷினுக்கு முப்பது நாளைக்குள் புது லைசென்ஸ் போட்டுக் காட்ட வேண்டும், உறை தொலைந்ததாகக் குறித்துக்கொள்கிறேன், பில்லின் நகல் போதும் என்றார். அடுத்து தீயணைப்புக் கருவியைப் பார்க்க எழுந்து போய்விட்டார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“அவ்வளவுதானுங்களா?” என்றார் சென்னியப்பன், யாரையும் பார்க்காமல்.

வளர்மதி கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

திரும்பி வரும் வழியில், ஒரு கரும்புச்சாறு வண்டியைத் தாண்டியதும் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினாள். நான் இறங்கி நின்றேன். அவள் இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“இருபத்தைந்தாம் தேதி. நீ கணக்குப் பிரிவில் இருந்தபோது.”

“பத்து நாள்.”

“ஆமாம்.”

“பத்து நாளா நான் அவர வைஞ்சுட்டிருந்தேன் மாமா. செத்துப்போன மனுசன. நீங்க பக்கத்துல உக்காந்து சோத்தப் பெசஞ்சுட்டே கேட்டுட்டிருந்தீங்க. அந்த லெட்டருக்குப் புள்ளி வெச்சுக் குடுத்தீங்க.”

லாரி ஒன்று போனது. பிறகு இன்னொன்று.

“ஏறுங்க” என்றாள்.

ஏறினேன். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டாள். அவள் நேராகக் கடைக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள்.

நிறுவனத்தில் நான் சொன்னது முழுவதும் உண்மை. ஆனால் உண்மை முழுவதையும் சொல்லவில்லை. மரகதம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று வளர்மதி நினைக்கிறாள். நானும் இந்த நோட்டில் அப்படித் தோன்றும்படிதான் எழுதி வந்திருக்கிறேன். மாடி அறையில் உறைகளைக் கழற்றும்போதே பச்சை எழுத்து என் கண்ணில் பட்டது. முதல் உறையிலேயே பட்டது. ‘ம’ போடும்போது வாலை நீட்டிவிடுவான், சின்ன வயதிலிருந்தே. அவன் எழுத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் மற்ற உறைகளை எல்லாம் கவிழ்த்து, எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிக் கட்டினேன். பழைய பேப்பர்காரர் வந்த அன்று நானே தூக்கிக் கொடுத்தேன்.

நாளைக் காலை இந்தப் பக்கத்தை வளர்மதியிடம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது குறிப்பு தவறு. பூபதி எழுதி வைத்திருந்தான்.